வண்டிக்குத் தெரிந்த நாளை

அந்தப் புதன்கிழமை காலை வண்டி விழிக்கவில்லை.

வழக்கமாக அமுதவல்லி லிஃப்டை விட்டு வெளியே வந்ததுமே அது கண்டுகொள்ளும். அடித்தள வண்டி நிறுத்தத்தின் மங்கலில் முன்விளக்கு மெல்லச் சிவந்து பிறகு வெளுக்கும். கதவின் கைப்பிடி உள்ளிருந்து நீண்டு வந்து காத்திருக்கும். உள்ளே காற்று குளிர்ந்து, இருக்கை அவள் முதுகுக்கு ஏற்றபடி சாய்ந்திருக்கும். அன்று கைப்பிடி கதவோடு கதவாகப் புதைந்து கிடந்தது. அவள் விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். திரை கறுப்பாக இருந்தது.

முதலில் அவளுக்குத் தோன்றியது, இன்று சௌரிபாளையம் போக முடியாதே என்பதுதான். சௌரிபாளையத்தில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை என்பது அதற்குப் பின்னால்தான் நினைவுக்கு வந்தது.

கோயம்புத்தூரில் மின்சாரத்தை வீட்டுக்கு வீடு அளந்து கொடுக்கத் தொடங்கிய பிறகு வந்த வண்டி அது. அந்தக் கால வண்டிகளைப்போல இரவெல்லாம் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருக்காது. தன்னை ஓட்டுகிறவர் எந்தக் கிழமை எங்கே போகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், எந்த வழியாகத் திரும்புகிறார் என்று கவனித்து வைத்துக்கொள்ளும். அதை வைத்து நாளைக்கு எவ்வளவு தேவைப்படும் என்று கணித்து, அந்த அளவுக்கு மட்டும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். அந்தக் கணிப்பை ஒவ்வொரு மாலையும் திரையில் ஒரு வரியாகக் காட்டும். 'நாளை காலை ராமநாதபுரம், பிறகு சௌரிபாளையம். போதுமான அளவு ஏற்றிக்கொள்கிறேன்.' அவ்வளவுதான். பெரும்பாலான ஜனங்கள் அந்த வரியைப் படிப்பதுகூட இல்லை.

அமுதவல்லி படித்தாள். இரண்டு வருடமாக ஒரு மாலைகூடத் தவறாமல் கீழே இறங்கி வந்து படித்தாள்.

வண்டி அவளுடைய அக்கா சந்திரமணியினுடையது. சந்திரமணி பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தில் விழுந்தவர்கள், முட்டி மாற்றிக்கொண்டவர்கள், இடுப்பு எலும்பு உடைந்தவர்கள் என்று ஊர் முழுக்க வீடு வீடாகப் போய் நடக்கக் கற்றுக்கொடுப்பாள். அமுதவல்லி பாடநூல்களுக்குப் படம் வரைகிறவள். வீட்டு மேஜையை விட்டு நகராமலே பிழைக்கத் தெரிந்தவள். இருவரும் கல்யாணம் வேண்டாம் என்று ஒன்றும் முடிவெடுக்கவில்லை. ஆளுக்கொரு காரணத்தால் தள்ளிப்போய், ஒருநாள் பார்த்தால் ஒரே வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர் என்று வாழ்க்கை அமைந்துவிட்டிருந்தது. சந்திரமணி ஓட்டுவாள், அமுதவல்லி எப்போதாவது பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். நோயாளியின் வீட்டு வாசலில் வண்டிக்குள்ளேயே இருந்தபடி, ஜன்னல் வழியாகத் தெரியும் வேப்பங்கிளையையோ குழாயடி நாயையோ பென்சிலால் வரைந்துகொண்டிருப்பாள். அந்த முக்கால் மணி நேரங்களைத்தான் அவள் வாழ்நாளிலேயே அதிகம் நேசித்தாள். அப்போது அது தெரிந்திருக்கவில்லை.

அக்காவுக்கு மூளையில் ஒரு நரம்பு வெடித்து, ஒரே பகலில் எல்லாம் முடிந்துபோனது. காரியங்கள் முடிந்து உறவினர்கள் கிளம்பிய மாலை, வண்டிக்குள் கிடந்த அக்காவின் மருத்துவப் பையை எடுக்க அமுதவல்லி கீழே வந்தாள். கதவைத் திறந்ததும் திரை ஒளிர்ந்தது. 'நாளை காலை ராமநாதபுரம், பிறகு சௌரிபாளையம்.'

அவள் அப்படியே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். இறந்துவிட்டாள் என்று ஊரே ஒப்புக்கொண்ட ஒருத்தியைப் பற்றி, நாளைக்குப் போவாள் என்று சொல்ல இன்னும் ஒருவர் இருந்தார்.

அந்த மாதமே ஓட்டக் கற்றுக்கொண்டாள். பாதி வேலையை வண்டியே பார்த்துக்கொண்டதால் ஐம்பத்தைந்து வயதிலும் முடிந்தது. மாலையில் படித்த வரியைக் காலையில் நிறைவேற்றினாள். ராமநாதபுரத்தில் ஒரு பச்சை கேட்டின் முன்னால் முக்கால் மணி நேரம் நிற்பாள். சௌரிபாளையத்தில் ஒரு மாவு மில்லுக்கு எதிரே. யாரும் இறங்குவதில்லை, யாரும் ஏறுவதில்லை. மில்காரர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார், பிறகு தலையசைக்கத் தொடங்கினார்.

புதன்கிழமை மாலைகளில் மட்டும் அவள் அறியாத ஓர் இடம் இருந்தது. சிங்காநல்லூர் குளக்கரை. அந்த வரி முதன்முதலாகத் திரையில் வந்தபோது அவளுக்குக் கொஞ்சம் வலித்தது. குளக்கரையில் எந்த நோயாளி? அக்கா அவளிடம் சொன்னதே இல்லையே. போய் நின்று பார்த்தாள். ஆகாயத்தாமரைகளுக்கு நடுவே நாரைகள், கரையில் நடைப்பயிற்சிக்காரர்கள். அக்காவுக்குக் கொசு என்றால் ஆகாது. அங்கே வாராவாரம் வந்து நின்றாள் என்றால் யாருக்காகவோதான் நின்றிருக்க வேண்டும்.

நாளாக ஆக அந்த வலி ஒரு சந்தோஷமாகவே மாறிவிட்டது. எல்லோருக்கும் கை கொடுத்தே ஓய்ந்த அக்கா தனக்கென்று ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறாள். கட்டம் போட்ட சட்டையில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கும் ஒரு பெரியவரை அமுதவல்லி மனதுக்குள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். அவர் கடந்து போகும்போது, அவரறியாமல் ஒரு மரியாதையோடு நிமிர்ந்து உட்காருவாள்.

அன்று காலை, விழிக்காத வண்டியை இழுவை வண்டி வந்து தூக்கிக்கொண்டு போனபோது அவளும் கூடவே ஏறிக்கொண்டாள்.

அவினாசி சாலையில் இருந்தது சர்வீஸ் சென்டர். வண்டியைப் பார்த்துக்கொண்டவள் நஸீமா என்ற பெண். நாற்பது வயதிருக்கும். பேசிக்கொண்டேதான் வேலை செய்வாள் போலிருந்தது. முன்மூடியைத் திறந்து, பேட்டரியின் மேல் பொறித்திருந்ததைக் குனிந்து படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏனுங்க்கா, இது போன வருசத்துப் பேட்டரிதானுங்க? சாகற வயசே இல்லையே இதுக்கு. யாருங்க மாட்டுனது?"

அக்கா என்று தன்னை ஒருவர் அழைத்ததில் அமுதவல்லி ஒரு கணம் தடுமாறினாள். "சுங்கம் பக்கத்துல ஒரு பட்டறைலங்க."

"நெனச்சேன். மாட்டுனவரு வண்டிகிட்ட சொல்லாம மாட்டியிருக்காரு." நஸீமா கையுறையைக் கழற்றினாள். "புதுப் பேட்டரி போட்டா வண்டிக்கு அறிமுகம் பண்ணணுங்க்கா. பேட்டரியோட வயசப் பாத்துத்தான் அது சார்ஜ் ஏத்தும். பழசுக்கு ஒரு பக்குவம், புதுசுக்கு ஒரு பக்குவம். சொல்லலைன்னா, உள்ள இன்னும் கெழட்டுப் பேட்டரிதான் கெடக்குதுன்னு நெனச்சுட்டு அதுக்குப் பண்ணுன வைத்தியத்தையே பண்ணிட்டிருக்கும். இருவது வயசுப் புள்ளைக்கு எங்க மாமியா மாத்திரையெல்லாம் கொடுத்தா என்னாகும்? அதேதான் ஆயிருக்குது."

"அவரு மேல தப்பில்லீங்க. நாந்தான் சொல்ல வேண்டாம்னேன்."

நஸீமா அவளைப் பார்த்தாள். பக்கத்தில் ஏதோ வண்டியின் சக்கரம் உயரத்தில் சுழன்று நிற்கும் சத்தம்.

"அறிமுகம் பண்ணுனா பழக்கமெல்லாம் அழிஞ்சுரும்னு சொன்னாரு" என்றாள் அமுதவல்லி.

"ஆமாங்க. அந்தக் கணக்கு பூராம் பழைய பேட்டரிய வெச்சுப் போட்டது. புதுசு வந்தா மொதல்ல இருந்துதான் கத்துக்கும். ஒரு மாசம் திருதிருன்னு முழிக்கும், பொறவு சரியாயிரும். அதுக்குப் போயி ஒரு பேட்டரியக் கொன்னுட்டீங்களேக்கா."

"அது என்னோட பழக்கம் இல்லீங்க. எங்கக்காவோடது. அவ இல்ல இப்ப. ரெண்டு வருசமாச்சு." சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. "அவ எங்கெங்க போவா, எங்க நிப்பான்னு இதுக்கு மட்டுந்தான் தெரியும். தெனமும் சொல்லும். இந்தத் தடவையும் சொல்லாம மாட்டிக் குடுத்துருங்க. ஒரு வருசம் ஓடட்டும், பொறவு மறுபடி மாட்டிக்கறேன்."

நஸீமா ஒரு ஸ்டூலை இழுத்து அமுதவல்லிக்குப் போட்டுவிட்டு, தான் வண்டியின் பம்பரில் சாய்ந்துகொண்டாள்.

"நீங்க கேட்டா மாட்டித் தர்றேங்க்கா. வாரண்டி இருக்காது, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா? சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல."

"சொல்லுங்க."

"இதுக்கு ஞாபகம் ரொம்பக் கம்மிங்க. எங்க வீட்டுக்காரர் மாதிரி. நாலஞ்சு மாசத்துக்கு முன்னாடி நடந்தது எதுவும் இருக்காது. புதுசு வர வரப் பழசக் கழிச்சுட்டே வரும். இல்லைன்னா மனுசங்க வேல மாறுவாங்க, வீடு மாறுவாங்க, கணிப்பு எப்படிச் சரியா வரும்?"

"இல்லீங்க, இருக்குது. நேத்து சாயந்தரங்கூட ராமநாதபுரம்னு காட்டுச்சு."

"ஏன்னா போன வாரமும் நீங்க ராமநாதபுரம் போனீங்க."

அமுதவல்லிக்குப் புரிந்தது, ஆனாலும் புரியாததுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கக்கா போன மொதல் ரெண்டு மூணு மாசம் அது அவங்க ஞாபகந்தானுங்க" என்றாள் நஸீமா, குரலைத் தணித்து. "அது சொல்லுச்சு, நீங்க போனீங்க. நீங்க போனதப் பாத்து மறுபடி சொல்லுச்சு. அவங்கள எப்பவோ கழிச்சிருச்சுங்க்கா. பட்டறைல பேட்டரி மாத்துனப்பவே அதுல அவங்க இல்ல. இப்ப உள்ள இருக்கறது பூராம் நீங்கதான்."

"அப்ப குளக்கர?"

"எந்தக் குளக்கரைங்க?"

அமுதவல்லிக்கு நாலைந்து மாதம் என்ற கணக்கை எடுத்துக்கொண்டு மனம் தன்பாட்டில் பின்னோக்கிப் போகத் தொடங்கியிருந்தது. குளக்கரை வரி எப்போது வந்தது? அக்கா போன உடனே அல்ல. ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகு. அந்த வரி வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு புதன்கிழமை. சௌரிபாளையத்திலிருந்து மாலையில் திரும்பும்போது, வழியில் ஒரு மருந்துக்கடைப் பலகையில் அக்கா வழக்கமாக வாங்கும் தைலத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, பார்வை மறைந்து, ஓட்ட முடியாமல் எங்கோ திருப்பி எங்கோ நிறுத்தினாள். இருட்டும்வரை ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதாள். எங்கே நிறுத்தியிருக்கிறோம் என்றுகூட அன்று அவள் பார்க்கவில்லை. தண்ணீர் வாடை மட்டும் வந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரமும் அதே மருந்துக்கடை, அதே திருப்பம், அதே அழுகை. அதற்கடுத்த வாரம் வண்டி அந்த இடத்தைத் தானாகவே சொன்னது. அக்காவின் ரகசியம் என்று இத்தனை நாள் போற்றி வந்தது அவளுடைய சொந்த அழுகையைத்தான்.

"சித்த நேரம் உக்காந்துக்கறேங்க" என்றாள்.

"உக்காருங்க்கா. டீ சொல்றேன்."

வாடிக்கையாளர்கள் அமரும் அறையில் யாரும் இல்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவளுடைய வண்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, பல் மருத்துவரிடம் வாய் பிளந்தவர்போல நின்றது. அவளுக்கு அழுகை வரவில்லை. கட்டம் போட்ட சட்டைக்காரரை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது. இத்தனை நாள் உறவாக நினைத்திருந்த ஒருவர் சட்டென்று அந்நியராகிவிட்டார். அக்காவுக்கு ரகசியமே இருக்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. இருந்திருக்கலாம். இந்த வண்டிக்கு அது தெரியாது என்பது மட்டும்தான் இப்போது நிச்சயம்.

நஸீமா இரண்டு டீயோடு வந்து எதிரில் அமர்ந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க்கா. வந்தவுடனே உங்க வண்டியச் சோதிச்சேனுங்க. கணிப்பு ஒரு தடவகூடத் தப்பவே இல்ல. இது ஏதோ பால் வண்டி போலிருக்குதுன்னு நெனச்சேன். மனுசங்க ஓட்டறது இப்படி இருக்காதுங்க. யாரா இருந்தாலும் வாரத்துல ஒருக்கா ரெண்டுக்கா எங்கயாச்சும் மாறிப் போயிருவாங்க."

அமுதவல்லி டீயை வாயருகே கொண்டு போனவள் அப்படியே நிறுத்தினாள். அக்காவின் குரல் கேட்டது. எவ்வளவோ நாளாகக் கேட்காத குரல், எரிச்சலும் சிரிப்புமாக.

'பாரு அம்மிணி, நாளைக்கு நா வடவள்ளி போறனாமா. நேத்தோட அந்தம்மாவுக்குத்தான் வைத்தியம் முடிஞ்சுதே. எப்பப் பாரு இதுக்கு ஒரு வாரம் பிந்தித்தான் விடியும்.'

வண்டி அக்காவை ஒருநாளும் சரியாகக் கணித்ததில்லை. பாதி நாள் சார்ஜ் போதாமல் வழியில் நிறுத்தி ஏற்றிக்கொள்வாள், மீதி நாள் ஏற்றியது மிஞ்சும். ஏனென்றால் அவள் வேலையே அப்படி. ஒரு தெருவுக்குப் போவது அந்தத் தெருவுக்கு இனிப் போகாமல் இருப்பதற்காகத்தான். நோயாளி ஒருவர் துணையில்லாமல் வாசல்வரை நடந்துவிட்டால், 'இனி நா வரமாட்டேன், நீங்களே நடங்க' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள். அவர்கள் பயந்துபோய், இன்னும் ஒரு வாரம் வாங்க என்று கெஞ்சுவார்கள். அக்கா அசையமாட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பெண்ணைப்போல இருப்பாள். வழியிலேயே சூடாக வடை வாங்கி, அதில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கொண்டு வருவாள். 'ஒரு வீடு கழிஞ்சுது அம்மிணி' என்பாள்.

பச்சை கேட்டு வீட்டுக்காரர் இந்நேரம் எப்போதோ நடக்கத் தொடங்கியிருப்பார். உயிரோடு இருந்திருந்தால் அக்கா அங்கே ஆறு வாரத்துக்கு மேல் போயிருக்கமாட்டாள். அந்த வாசலில் இரண்டு வருடம் நின்றது அக்காவுக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அமுதவல்லிக்குத் தெளிவாகவே தெரிந்தது. திட்டியிருப்பாள். திட்டிவிட்டு, கையை விட்டிருப்பாள்.

டீ ஆறியிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள்.

"அறிமுகம் பண்ணிருங்க."

நஸீமா டம்ளரை வைத்தாள். "நெசமாத்தானுங்களா? அவசரமில்லீங்க்கா. நாளைக்குக்கூடச் சொல்லலாம்."

"நாளைக்கு வந்தா மனசு மாறிரும். இப்பவே பண்ணுங்க."

பழையதைத் தூக்கி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். கனமான பொருள்தான், ஆனால் அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. புதியதை இறக்கி, இறுக்கி, மூடியைச் சாத்தியதும் திரை விழித்துக் கேட்டது. 'புதிய பேட்டரி பொருத்தப்பட்டுள்ளதா? ஆம் என்றால் முந்தைய பழக்கங்கள் நீக்கப்படும்.'

"இத நீங்கதான் அமுக்கணும். ஓனரு கைரேகைதான் செல்லும்" என்றாள் நஸீமா. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடைக்க அவசியமில்லாத ஒரு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அமுதவல்லியின் விரல் திரையின் மேல் நின்றது. நீக்கப்படப்போவது தன்னுடைய தடம்தான் என்று தெரிந்தும், விரல் அக்காவின் நெற்றிமேல் இருப்பதுபோலத்தான் இருந்தது. மயானத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் அப்படி ஒருமுறை தொட்டிருந்தாள். அன்று கையை எடுக்கச் சொல்லி யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். இன்று யாரும் இழுக்கவில்லை.

அமுக்கினாள். திரை ஒரு கணம் வெளுத்து, பழையபடி ஆனது. வேறெதுவும் நடக்கவில்லை.

"வாங்க்கா, எப்பவாச்சும்" என்றாள் நஸீமா. "பேட்டரிக்காக வேண்டாம். அது எட்டு வருசம் ஓடும்."

திரும்பும்போது வண்டி எந்த வழியையும் சொல்லவில்லை. சிக்னலில் அவள் தயங்கி நிற்க, பின்னாலிருந்து ஒருவர் ஹாரன் அடித்தார். பழக்கத்தில் குளக்கரைப் பக்கம்தான் திருப்பினாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கட்டம் போட்ட சட்டைக்காரர் இன்று நீலச் சட்டையில், யாரோ ஒரு அம்மாளோடு சண்டை பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார். மனைவியாகத்தான் இருக்க வேண்டும். இவ்வளவு நாள் உங்களைப் பற்றி என்னவெல்லாமோ நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, நிறுத்தாமல் ஓட்டினாள். மருந்துக்கடைப் பலகை எந்த இடத்தில் கடந்துபோனது என்று கவனிக்கவில்லை.

அடித்தளத்தில் வண்டியை நிறுத்தி, சார்ஜ் கம்பியைச் செருகினாள். மேலே போக மனம் வரவில்லை. திரும்ப உள்ளே உட்கார்ந்து, படிக்க ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் வரி வந்தது.

'நாளை நீங்கள் எங்கே போவீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் முழுவதும் ஏற்றிக்கொள்கிறேன்.'

அதன் கீழே வரைபடம் விரிந்தது. நடுவில் ஒரு புள்ளியாக அவள். புள்ளியைச் சுற்றி, போய்வரக்கூடிய தூரத்தைக் காட்டும் ஒரு பச்சை வட்டம். இத்தனை நாளும் அது ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. இப்போது ஏற ஏற மெதுவாக அகன்றுகொண்டிருந்தது. சூலூரைத் தொட்டது. பல்லடத்தைத் தொட்டது. பொள்ளாச்சியை விழுங்கிக்கொண்டு மலையடிவாரத்தில் நின்று யோசிப்பதுபோல இருந்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்தப் பக்கம் இறங்கியது. அமுதவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை இருக்கையின் மேல் மடித்து வைத்துக்கொண்டாள். வட்டம் மேற்கே நகர்ந்து நகர்ந்து, கடைசியில் கடலின் நீல விளிம்பைத் தொட்டு நின்றது. அந்த இடத்தில் சின்ன எழுத்தில் ஓர் ஊரின் பெயர் இருந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து படித்தாள்.

பொன்னானி.

அந்தப் பெயரை அவள் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.